சாமை குத்தும்போது சொன்ன கதை

ஏற்காடு ஏரிக்கரையில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது படகுக்கு நிற்கும் கூட்டம். அடுத்து முடவாட்டுக்கால் சூப். பழுப்பு மயிர் அடர்ந்த கிழங்குகளைத் தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள், பார்த்தால் ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். கிழங்கு என்கிறோமே தவிர அது பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணிச் செடியின் மட்டத்தண்டு. மேல் மயிரைச் சுரண்டி, மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் சேர்த்து நசுக்கிக் கொதிக்கவிட்டு டம்ளரில் ஊற்றித் தருவார்கள். 'மூட்டுவலிக்கு' என்று ஒரு அட்டையும் தொங்கும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த களைப்புக்கு அந்தக் காரம் நன்றாகத்தான் இருக்கும்.

சூப்பைக் குடித்துவிட்டு, "இங்க சாமைச் சோறு எங்க கிடைக்கும்?" என்று கேட்பது என் வழக்கம். பிரியாணிக் கடைக்கு வழி சொல்வார்கள், பரோட்டாக் கடைக்கும் சொல்வார்கள். சாமை என்றதும் ஒரு சிரிப்பு. "அதெல்லாம் வீட்லயே ஆக்கறதில்லீங்களே" என்று ஒருமுறை ஒருவர் சொன்னார். மலையில் தினசரிச் சாப்பாடாக ஒருபோதும் இருந்திராத ஒன்று மலையின் அடையாளமாகக் கடைக்கு வந்துவிட்டது, தலைமுறை தலைமுறையாக வயிற்றை நிரப்பிய தானியம் கடைக்கும் வரவில்லை, அடுப்பிலிருந்தும் இறங்கிவிட்டது. இது எப்படி நடந்தது என்று பார்த்தால்தான், பழங்குடிச் சமையலை வைத்து ஊரைத் திரும்பக் கூட்ட நினைக்கிற ஒரு சமையல்காரருக்கு வேலை எங்கே தொடங்குகிறது என்பது புரியும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பழங்குடிகள் மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பு இல்லை. மலையை ஆள்கிறவர், மலையில் வாழ்கிறவர் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் பழங்குடி மக்கள் ஏறக்குறைய 7,95,000 பேர், அதில் மலையாளிகள் மட்டுமே மூன்றரை லட்சத்துக்கு மேல். மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடி இவர்கள்தான். ஆனாலும் சேலத்தில் வேலைக்கோ படிப்புக்கோ வருகிற பிள்ளை தன் சமூகத்தின் பெயரைச் சொன்னால், "கேரளாவா?" என்றுதான் எதிர்க்கேள்வி வரும்.

அவர்களுடைய பூர்வகதை காஞ்சிபுரத்தில் தொடங்குகிறது. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று அண்ணன் தம்பிகள். கரிராமன் சாமியோடு கிளம்பி வந்து சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் பிரிந்து குடியேறினார்கள். யார் எந்த மலைக்குப் போனார் என்பது சொல்கிறவருக்குச் சொல்கிறவர் மாறும். மாறத்தான் வேண்டும், எழுதி வைத்து ஒப்பித்த கதை இல்லையே.

சரி, சாமைக்கு வருவோம்.

சிறுதானியம் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுகிறோம். சமைக்கிறவருக்கு அதில் இரண்டு சாதி உண்டு. கேழ்வரகு, கம்பு, சோளம் மூன்றும் அம்மணமான தானியங்கள். கதிரடித்துத் தூற்றினால் போதும், நேராகத் திரிகைக்கோ மாவு மில்லுக்கோ போகலாம். சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஐந்துக்கும் நெல்லைப் போல உமி உண்டு. அதை நீக்கினால்தான் அரிசி. நெல்லாவது கொஞ்சம் பெரியது. சாமை கடுகளவுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். நெல் அரைக்கிற மில்லில் போட்டால் பாதி உமியோடு வரும், மீதி நொய்யாகப் போகும். சேலம் சமவெளியில் இன்றும் பல வீடுகளில் கேழ்வரகுக் களி கிண்டுகிறார்கள், சாமைச் சோறு காணாமல் போய்விட்டது. காரணம் நாக்கு இல்லை, இந்த உமிதான்.

உமிக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. உமியோடு இருக்கும் வரை சாமை வருடக்கணக்கில் கெடாது. குத்தி அரிசியாக்கிவிட்டால் தவிட்டிலுள்ள எண்ணெய் காறத் தொடங்கிவிடும், அதிக நாள் வைக்க முடியாது. அதனால் அந்தந்த வாரத்துக்கு வேண்டியதை அந்தந்த வாரமே குத்தினார்கள். கூடி உட்காரும் ஒரு வேலை வாராவாரம் வந்ததென்றால் அதற்கு உமிதான் காரணம்.

ஒரு தை மாதம் மலைக் கிராமம் ஒன்றில் இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எழுபது வயதுக்கு மேலான ஒரு ஆயா, அவர் மருமகள், பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர். காலை வெயிலில் பாயில் காய்ந்த சாமையை ஆயா கையில் அள்ளி, இரண்டு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார். "டக்குனு சத்தம் வரணும் கண்ணு. நசுங்குனா ஈரம், தூளாப் போனா மெத்தக் காஞ்சிருச்சு" என்றார். கல்லுரலின் வாயில் குந்தாணியை வைத்தார்கள், தானியம் வெளியே சிதறாமல் இருக்க. ஒரு உலக்கை மேலே போகும்போது இன்னொன்று கீழே வரும். இரண்டும் மோதிக்கொள்வதே இல்லை. மூச்சு, இடி, மூச்சு, இடி. இருபது முப்பது குத்துக்கு ஒருதரம் ஆயா குனிந்து ஓரத்தில் ஒதுங்கியதைக் கையால் உள்ளே தள்ளுவார். உலக்கை இறங்கும் இடத்துக்கும் அவர் விரலுக்கும் இடையே ஒரு சாண்கூட இருக்காது. எனக்குத்தான் கால் கூசியது.

குத்திக்கொண்டே மருமகளின் பிள்ளைகளுக்கு அண்ணன் தம்பி மூவர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஒரு ஈடு குத்தி முடிந்ததும் முறத்தில் அள்ளிப் புடைக்கிறார்கள். புடைக்கும்போது வாயைத் திறந்தால் உமி உள்ளே போய்விடும். அதனால் கதை அங்கே நிற்கும். "அப்புறம் ஆயா?" என்று பிள்ளைகள் பிடுங்கும். பதில் கிடையாது. முறம் தட்டுகிற சத்தம் மட்டும். உமி பறந்து, அரிசி முறத்தின் அடியில் தங்கி, நொய் நுனியில் சேர்ந்த பிறகு மறுபடி உரலில் கொட்டி, உலக்கையை எடுத்த பின்தான் அடுத்த அண்ணன் வருவார். சாமைக்கு இப்படி மூன்று ஈடாவது வேண்டும். தொடர்கதையை எங்கே நிறுத்த வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர்கள் கற்றுக்கொள்வதற்கு முன்பே முறத்துக்கு அது தெரிந்திருக்கிறது.

பிறகு கல் அரித்தல். இரண்டு பாத்திரம், தண்ணீர், ஒரு சுழற்று. அரிசி நீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போகும், கல் அடியில் தங்கும். இது ஆயாவின் தனி வேலை, மருமகளிடம்கூடக் கொடுக்கவில்லை. பின் உலை. சாமை சீக்கிரம் வெந்துவிடும், ஒரு நொடி அசந்தால் குழைந்துவிடும். தொட்டுக்கொள்ள மொச்சைக் குழம்பும், காட்டோரம் பறித்த பண்ணைக்கீரைக் கடைசலும். வெளியூர் ஆள் வந்திருக்கிறேன் என்று நெல்லுச்சோறும் ஒரு சட்டியில் வைத்திருந்தார்கள். விருந்தாளிக்குச் சாமை போட்டால் குறையாக நினைப்பேனோ என்ற தயக்கம். அந்தச் சட்டியைப் பார்த்தபோது மனசுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கதை உரலடியில் மட்டும் வாழவில்லை. புனத்துப் பரணிலும் வாழ்ந்தது. காட்டை வெட்டி எரித்து, சாம்பலில் விதைத்து, ஓரிரு போகம் எடுத்ததும் அந்த இடத்தை ஆறப்போட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும் பழைய வெள்ளாமைதான் புனம். கதிர் முற்றும் காலத்தில் பகலில் கிளியும் குருவியும், ராத்திரியில் பன்றியும் வரும். பரண் கட்டி விழித்திருக்க வேண்டும். தூக்கத்தை விரட்டக் கதையும் விடுகதையும்தான் துணை. தமிழ்நாடே கொண்டாடுகிற வள்ளி கதையும் தினைப்புனத்தில் கிளி விரட்டிய ஒரு மலைப்பெண்ணின் கதைதானே? கிழவன் வேடத்தில் வந்த முருகனுக்கு அவள் கொடுத்தது தேனும் தினைமாவும். நாடகமேடையில் இன்று தினைமாவு ஒரு வசனம். பரணில் அது ராத்திரிச் சாப்பாடு.

இந்த உலகம் ஒரே நாளில் இடிந்துவிடவில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பி பயிரிடத் தொடங்கினார். அதன் பின்னால் எஸ்டேட்டுகள் வந்தன, நிழலுக்கு சில்வர் ஓக் வந்தது, கொடியேற மிளகு வந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக் காடாக்க வழி செய்தது, புனம் குற்றமாகத் தொடங்கியது. புனம் இல்லையென்றால் பரண் இல்லை. தன் காட்டில் விளைத்தவர் எஸ்டேட்டில் கூலியானார். கூலி பணமாக வந்ததால் அரிசியும் பணத்துக்கு வந்தது. அதன்பின் கீழே சமவெளியில் மரவள்ளி. 1940களில் உலகப்போர் நேரத்தில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோக, சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள் பெருகின. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு வந்தது, 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. மாவு ஆலை கேட்டுக்கொண்டே இருக்க, கொல்லிமலைச் சாமைக் காடுகள் பலவும் மரவள்ளிக்கு மாறிவிட்டன. யாரும் யாரையும் மிரட்டவில்லை. குத்தித் தின்ன வேண்டிய தானியத்தைவிடப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் காசு வரும் கிழங்கு லாபம் என்று கணக்குப் போட்டார்கள். நானாக இருந்தாலும் அதே கணக்கைத்தான் போட்டிருப்பேன்.

ரேஷன் அரிசியைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அட்டைக்கு 20 கிலோ வரை இலவசமாகக் கிடைக்கிறது. பாரம்பரிய உணவு ஆர்வலர்கள் பலர் இதைத்தான் வில்லனாக்குவார்கள். மலையில் பெண்களிடம் கேட்டால் வேறு பதில் வரும். விடிகாலையில் எழுந்து உலக்கை பிடித்துக் கை காய்த்தவர்களுக்கு அந்த அரிசி ஒரு விடுதலை. பசிக்காலம் என்று ஒன்று இருந்ததையே இன்றைய பிள்ளைகள் அறியாமல் வளர்வதும் அதனால்தான். ஆனால் வேலை போனபோது வேலையோடு ஒட்டியிருந்த உட்காருதலும் போய்விட்டது. உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் தண்ணீர்க் குடம் வைத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அரசாங்கமும் சிறுதானியத்தைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறது. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கவனியுங்கள், கேழ்வரகு. உமி இல்லாத தானியம். சாமையை அப்படிக் கொடுக்க வேண்டுமானால் முதலில் யாராவது குத்தியாக வேண்டும், குத்தியதைக் காறிப்போகும் முன் கொண்டுசேர்க்க வேண்டும்.

இதே முடிச்சை வேறொரு கண்டத்தில் அவிழ்க்கப் பார்க்கிறவர் ஷான் ஷெர்மன் என்ற சமையல்காரர். அமெரிக்காவின் ஒக்லாலா லகோட்டா பழங்குடி, தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜ் ஒதுக்குநிலத்தில் பிறந்தவர். அங்கே வளர்கிற பிள்ளைகள் சாப்பிட்டது அரசு கொடுத்த டப்பா உணவு. அமெரிக்கப் பழங்குடி உணவு என்று வெளியே எல்லோருக்கும் தெரிந்த ஃப்ரை பிரெட்கூட, சொந்த நிலத்திலிருந்து விரட்டப்பட்டவர்களுக்கு 1860களில் ராணுவம் கொடுத்த மைதா, பன்றிக்கொழுப்பு, சர்க்கரையில் பிறந்ததுதான். ஷெர்மன் 2021இல் மினியாபொலிஸில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஒவாம்னி என்ற உணவகத்தைத் திறந்தார். கோதுமை கிடையாது, பால் கிடையாது, கரும்புச் சர்க்கரை கிடையாது, மாடு, பன்றி, கோழி எதுவும் கிடையாது. ஐரோப்பியர் கொண்டுவந்தது எதற்கும் அடுப்பில் இடமில்லை. காட்டெருமை, மக்காச்சோளம், பூசணி, அவரை, காட்டரிசி. அடுத்த ஆண்டே நாட்டின் சிறந்த புதிய உணவகம் என்று ஜேம்ஸ் பியர்ட் விருது வந்தது. பெயரிலும் கதை இருக்கிறது. பக்கத்திலுள்ள அருவியை டகோட்டா மக்கள் சுழலும் நீர் என்ற பொருளில் அழைத்த சொல்லிலிருந்து எடுத்தது. வாசலில் பெயர் என்ன என்று கேட்கும்போதே, இந்த ஆறு யாருடையது என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது அந்தக் காட்டரிசி. ஏரித் தண்ணீரில் தானாக விளையும் புல்லின் மணி. ஒஜிப்வே மக்களின் பூர்வகதையில், கிழக்குக் கடற்கரையிலிருந்து கிளம்பியவர்களுக்கு ஒரு வாக்கு கிடைக்கிறது: தண்ணீரின் மேல் உணவு விளையும் இடம் வரும் வரை நடங்கள். நம் அண்ணன் தம்பிகள் காஞ்சியிலிருந்து நடந்தது போல அவர்களும் நடந்தார்கள். அந்த மணிக்கும் உமி உண்டு! தோணியில் போய்த் தட்டிச் சேர்த்து, வறுத்து, குழியில் கொட்டி, மெத்தென்ற தோல் செருப்பணிந்து அதன்மேல் மிதித்து ஆடுவார்கள். அந்த ஆட்டத்தில்தான் உமி கழலும். பிறகு புடைப்பு. இரண்டு கண்டத்திலும் தானியம் உடை களைகிற இடத்தில்தான் ஆட்கள் கூடியிருக்கிறார்கள்.

ஷெர்மனின் விலக்குப் பட்டியலை அப்படியே சேர்வராயனுக்குத் தூக்கிவர முடியாது. மிளகாய், தக்காளி, மரவள்ளி மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அவர் தாராளமாக மிளகாய் போடலாம், நம் ஆயா போடக்கூடாது என்றாகிவிடும். கேழ்வரகே ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்ததுதான். வந்ததையெல்லாம் உரலில் போட்டுத் தனதாக்கிக்கொண்ட சமையல் இது. இங்கே தூய்மையைத் தேடிப்போனால் வெறும் சட்டிதான் மிஞ்சும்.

நமக்குக் கொஞ்சம் பக்கத்திலிருக்கும் உதாரணம் ராஞ்சியில் இருக்கிறது. ஓராவன் பழங்குடியைச் சேர்ந்த அருணா திர்க்கி 2018இல் தொடங்கிய அஜம் எம்பா. பெயர் குடுக் மொழியில், நல்ல சுவை என்ற பொருளில். குடுக் நம் தமிழுக்குத் தூரத்துச் சொந்தம், அதுவும் திராவிட மொழிதான். பழங்குடி உணவை நகரத்தின் நடுவில் இலையில் வைத்துப் பரிமாறுகிறார், சமைப்பதும் பழங்குடிப் பெண்களே. பணம் கொடுத்துச் சாப்பிடத் தகுந்த சாப்பாடு இது என்று ஒரு நகரம் ஒத்துக்கொள்கிறதே, அது முக்கியம். எனக்காக நெல்லுச்சோறு வடித்த அந்தச் சட்டியை நினைத்துக்கொள்கிறேன்.

ஏற்காட்டில் இப்படி ஒரு சமையல்கட்டு வந்தால் அது எப்படி இருக்க வேண்டும்? விடுதிகளில் மலைவாழ் மக்கள் விருந்து என்று தலையில் இறகு செருகி ஆடவைக்கும் வேடிக்கை வேண்டவே வேண்டாம். மூலிகை, அதிசயம், மூட்டுவலி என்ற அட்டைகளும் வேண்டாம். சாப்பாட்டை மருந்தாக்கினால் கிழங்கு ஒன்று காட்டோடு சுரண்டப்படுவதுதான் மிச்சம். ஏரிக்கரையில் டம்ளர் டம்ளராக விற்கும் வேகத்துக்குப் பாறையில் ஒட்டிய பெரணி வளர்ந்து ஈடுகொடுக்குமா என்று வாங்குகிறவரும் விற்கிறவரும் கேட்டுக்கொள்வதில்லை. 2006 வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருளைச் சேகரிக்கும் உரிமையோடு காட்டைப் பேணும் உரிமையையும் ஊருக்கே தருகிறது. எந்தப் பாறையை இந்த வருடம் விட்டுவைப்பது என்று கிராமசபையில் பேசி முடிவெடுக்க அதில் வழி இருக்கிறது.

என் கணக்கில் முதல் செலவு அடுப்புக்கும் இல்லை, மேசை நாற்காலிக்கும் இல்லை. சாமைக்கென்றே செய்த சின்ன உமி நீக்கும் இயந்திரம் ஒன்று, மலைமேலேயே, பெண்கள் குழுவின் கையில். கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து வேலை செய்தபோது இதைத்தான் கண்டுகொண்டது. விதையைப் பாதுகாத்தால் மட்டும் போதவில்லை, கிராமத்துக்கே மில் வந்தபோதுதான் பெண்கள் திரும்பச் சாமையைப் பற்றிப் பேசத் தயாரானார்கள். பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை என்று அங்கே ரகங்களுக்குப் பெயர் இன்னும் புழங்குகிறது. பெயர் தெரிந்த தானியத்துக்குத்தான் கதை இருக்கும்.

மில் வந்தால் உரலடி உட்காருதல் போய்விடுமே என்று கேட்பீர்கள். போகும். அதற்கு மாற்று இடம் சமையல்கட்டிலேயே வேண்டும். மொச்சை உரிப்பது, கீரை ஆய்வது, கல் அரிப்பது என்று கைக்கு வேலை இருந்தும் வாய் சும்மா இருக்கும் வேலைகள் எத்தனையோ. சாப்பிட வந்தவரைக் கையைக் கழுவிக்கொண்டு அங்கே உட்கார வைத்துவிடலாம். அரை முறம் கீரைக்கு ஒரு கதை. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் எல்லாம் திரள்கிற நேரமே நல்ல தொடக்கம். சாமியும் காவேரியம்மனும் இருக்கும் அந்தக் குகை காவிரி வரை போகிறது என்பது மலைமக்கள் நம்பிக்கை. அந்தக் கதையை வெளியூர்க்காரருக்குச் சுருக்கிச் சொல்கிற வழிகாட்டிகள் நிறைய உண்டு. நீட்டிச் சொல்லத் தெரிந்தவர்கள் அன்றைக்குக் கூட்டத்துக்குள்தான் இருப்பார்கள்.

அந்தத் தை மாதத்து மதியம் கதை முடியவில்லை. மூன்றாம் ஈடு குத்தி, புடைத்து, உரல் காலியானபோது இரண்டு அண்ணன்கள்தான் மலை ஏறியிருந்தார்கள். சின்னவன் என்ன ஆனான் என்று சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது நானே கேட்டேன். ஆயா உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரித்தார்.

"அதுக்கு இன்னும் ரெண்டு படி சாமை காய வெக்கணும் சாமி. மாசி கழிச்சு வாங்க."